ஹெல்மெட்டில் விரிசல் விழுந்தால் கடைக்காரர் பொறுப்பா?

வாசகர் கேள்வி – பதில்

கிரிக்கெட் சீசன் தொடங்கிவிட்டது, கடிதங்களும் தொடங்கிவிட்டன. இம்முறை பெரும்பாலும் ஒரே விஷயம்: உடம்பைக் காக்க வாங்கிய சாமான் உடைந்தால், கிழிந்தால், உரிந்தால் யாரிடம் போய் நிற்பது? சட்டம் என்று வெறுமனே குறிப்பிடும் இடங்களில் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று கொள்ளவும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நான்கு மாதத்துக்கு முன் புது ஹெல்மெட் வாங்கினோம். போன வாரம் பவுன்சர் ஒன்று பக்கவாட்டில் பட்டு, ஓட்டில் மயிரிழை மாதிரி விரிசல். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் கேட்டால், "பந்து பட்டால் வாரண்டி கிடையாது, ஸ்லிப்பின் பின்பக்கம் படியுங்கள்" என்கிறார்கள். பந்து படும் என்றுதானே ஐயா ஹெல்மெட் வாங்குகிறோம்?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் அந்த ஹெல்மெட்டை ஒதுக்கி வையுங்கள். வலைப் பயிற்சிக்குக்கூட வேண்டாம். பணம் கிடைக்குமா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

பந்து மோதும்போது வெளி ஓடு அந்த அடியை ஒரே புள்ளியில் நிற்கவிடாமல் பரப்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் நுரை அமுங்கி மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. அடி பலமாக இருந்தால் ஓடு விரிசல் விடுவதும் நுரை நசுங்குவதும் அந்த வேலையில் சேர்ந்தவைதான். ஆகவே "விரிசல் விழுந்தது, மட்டமான சரக்கு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கடைக்காரர் பக்கம் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. விரிசல் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

உள் மெத்தையைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஓட்டை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பாருங்கள். பந்து பட்ட இடத்தில் பெரும்பாலும் சிவப்புப் பூச்சு ஒட்டிய தடம் இருக்கும். அந்தத் தடத்திலிருந்து கோடுகள் நாலா பக்கமும் ஓடினால், அது அடியால் வந்த விரிசல். ஹெல்மெட் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆயுளும் முடிந்தது. மாறாக, சிவப்புத் தடம் ஓரிடத்தில், விரிசல் வேறிடத்தில் என்றால் கதை வேறு. முகத்தைக் காக்கும் கிரில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணித் துளையிலிருந்து விரிசல் கிளம்புகிறதா? துளையைச் சுற்றி பிளாஸ்டிக் வெளிறிப்போய் வெள்ளை வளையம் தெரிகிறதா? தொழிற்சாலையில் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கினால் அப்படி ஆகும். அடி வெறும் கடைசி உதைதான். ஓட்டின் விளிம்போரம், அச்சில் வார்த்தபோது ஏற்பட்ட இணைப்புக் கோட்டின் வழியே நேராகப் பிளந்திருந்தாலும் அப்படித்தான். அடியே படாத எதிர்ப்பக்கத் துளையையும் பாருங்கள். அங்கேயும் வெளிறியிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது.

சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்கும் பொருள் தன் நோக்கத்துக்குத் தகுந்ததாகவும், குறையில்லாமலும், நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறை வெளியே தெரிந்ததா, உள்ளே ஒளிந்திருந்ததா என்பது கணக்கில்லை. 56-ஆம் பிரிவின்படி, அப்படி இல்லாத பொருளைக் கையில் வாங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. "எங்கள் கடை விதி, கிரெடிட் நோட்டு மட்டும்தான்" என்பது இந்த 6 மாதத்துக்குள் செல்லாது. ஸ்லிப்பின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் தந்த வாரண்டி அதற்குமேல் நிற்கும். கம்பெனி தரும் வாரண்டி அதோடு கூடுதலாகச் சேருவது, அதைத் தின்றுவிடாது.

ஹெல்மெட் விஷயத்தில் "பழுது பார்த்துத் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விரிசல் விட்ட ஓட்டினை ஒட்டவைக்கும் பசை எதுவும் அதற்குப் பழைய பலத்தைத் தராது. பணம் அல்லது புது ஹெல்மெட், இரண்டில் ஒன்று.

கடைக்குப் போகுமுன் படம் எடுங்கள்: முழு ஹெல்மெட், விரிசல் அருகில் ஒரு ஸ்கேலோடு, உட்புறம் ஒட்டியிருக்கும் லேபிள், ஸ்லிப். வெயிலில் ஸ்லிப்பின் எழுத்து மங்கிவிடும்; வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது. "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டால், தேதியும் புகாரின் சுருக்கமும் எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். சீட்டில் "அடியால் சேதம்" என்று அவர்கள் எழுதினால் அதன் கீழேயே உங்கள் மறுப்பை எழுதுங்கள்.

அடியால் வந்த விரிசல்தான் என்று தெரிந்தால் வாதாட வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் அடிபட்ட ஹெல்மெட்டைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி தருவார்கள். அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரியவனுக்கு வாங்கிய ஹெல்மெட்டை 11 வயதுச் சின்னவனுக்குப் பின்பக்கத் திருகை இறுக்கிப் போட்டு அனுப்புகிறேன். ஆடாமல் நன்றாகத்தான் நிற்கிறது. கோச் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். புதிது விற்கத்தான் இப்படிச் சொல்கிறார்களோ?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: இல்லையம்மா, கோச் சொல்வது சரி. தலை அளவு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. பந்தின் அளவும் பிரச்சினை.

பெரியவர்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவு 20.5 முதல் 22 சென்டிமீட்டர். குறுக்களவில் பார்த்தால் பெரிய பந்து ஏறக்குறைய 7.2 சென்டிமீட்டர், சின்னது 6.5-இலிருந்து 7 வரை. முன்நெற்றி விளிம்புக்கும் கிரில்லின் மேல் கம்பிக்கும் நடுவே விடும் இடைவெளி, எந்தப் பந்து உள்ளே வரக்கூடாது என்பதை வைத்துக் கணக்கிட்டது. பெரியவர் ஹெல்மெட்டில் பெரிய பந்து மாட்டி நிற்கும் இடத்தில் சின்னப் பந்து நழுவிக் கண்ணுக்கோ கன்னத்துக்கோ போய்விடலாம்.

இதற்காகவே பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 7928:2013 வந்தது. பந்து இடைவெளி வழியே புகுமா, கிரில் வளைந்து முகத்தில் மோதுமா என்று அதில் சோதிக்கிறார்கள். பெரிய பந்துக்கும் சின்னப் பந்துக்கும் தனித்தனிச் சோதனை. லேபிளில் 7928 என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தப் பந்துக்குச் சோதித்தது என்பதையும் படியுங்கள். இரண்டுக்கும் சோதித்தவையும் கிடைக்கின்றன. தம்பிக்கும் அண்ணனுக்கும் மாற்றிப் போட வேண்டிய வீட்டில் அதுதான் தேவை. ஆனாலும் தலை அளவு பொருந்த வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பையன் ஆடும் பந்தை இடைவெளியில் வைத்துக் கையால் மெல்லத் தள்ளுங்கள். உள்ளே போனால் அந்த ஹெல்மெட் அவனுக்கு ஆகாது. போகவில்லை என்றால் மட்டும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, வேகமாக வரும் பந்து கம்பியைக் கொஞ்சம் நெகிழ்த்திக்கொண்டு புகும். "பந்து சரியாகத் தெரியவில்லை" என்று பிள்ளைகள் கிரில்லைக் கீழே இறக்கிவிடுவதுண்டு. பழைய மாடல்களில் கிரில்லை ஏற்றி இறக்கத் துளைகள் இருக்கும். அங்கேதான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது.

தலையை அளக்க, புருவத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் விட்டு, காதுக்கு மேலாக, பின்தலை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப் போடுங்கள். போட்டபின் தாடைப் பட்டையை மாட்டாமல் தலையைக் குனிந்து ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் நழுவக்கூடாது, நெற்றித்தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பழைய துணியோ நுரையோ உள்ளே திணித்துச் சரிக்கட்டுவது வேண்டவே வேண்டாம்.

கழுத்துக் காப்பையும் மறக்காதீர்கள். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸ், ஹெல்மெட் மூடாத காதுக்குக் கீழ்ப்பகுதியில் பந்து பட்டு இறந்தபின் பின்பக்கக் காப்புகள் பரவலாயின. அவற்றை அந்தந்த மாடலுக்கென்றே செய்கிறார்கள். ஒரு கம்பெனிக் காப்பை இன்னொரு கம்பெனி ஹெல்மெட்டில் கயிறு கட்டி மாட்டினால், குனியும்போது கழன்று தொங்கும்.

கேள்வி: எங்கள் கிளப்பில் 6 ஹெல்மெட் பொதுவில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கிளப் நிறமான பச்சை ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க நினைக்கிறோம். இரண்டில் கிரில் திருகாணி தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போடலாமா?
– கிளப் செயலாளர், டோங்காட்

பதில்: பெயின்ட் அடிக்காதீர்கள். ஸ்ப்ரே பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைத் தாக்கும். மேலே பளபளப்பாகத் தெரியும். ஓடு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தின்னர், பெட்ரோல், நகச்சாயம் எடுக்கும் திரவம் இவை எதையும் துடைக்கவும் பயன்படுத்த வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மென்துணி – அவ்வளவே. நிறம் வேண்டும் என்றால் துணியால் மூடிய பச்சை ஹெல்மெட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாகப் பொருளை மாற்றி அமைத்தால், அந்த மாற்றத்தின் அளவுக்குச் சட்டம் தரும் வாரண்டியும் நழுவும். 56-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது.

திருகாணி விஷயம் இதைவிட முக்கியம். ஹார்டுவேர் கடைத் திருகாணி ஒரு சில மில்லிமீட்டர் நீளம் கூடினால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு கன்னப்பொட்டுக்கு நேராக நிற்கும். பந்து ஓட்டில் படும்போது அந்த முனை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே மாடலுக்கான திருகாணியும் வாஷரும் தயாரிப்பாளரின் விற்பனையாளரிடம் சிறு பையில் கிடைக்கும். கையால் முடுக்கி, வாஷர் அசையாமல் நின்றபின் ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று. அதற்குமேல் இறுக்கினால் முதல் கேள்வியில் சொன்ன வெள்ளை வளையம் வந்துவிடும்.

கடற்கரைப் பக்கம் என்பதால் கிரில்லையும் பாருங்கள். கம்பியின் மேல் பூச்சு உரிந்த இடத்தில் உப்புக்காற்று பட்டுத் துரு பிடிக்கும். மேலோட்டமான துரு ஆபத்தில்லை. கம்பி கம்பியோடு சேரும் வெல்டிங் முனையில் துரு குழி விழுந்திருந்தாலோ, கிரில் ஒருபக்கம் வளைந்திருந்தாலோ கிரில்லை மாற்றுங்கள். தட்டி நிமிர்த்தக் கூடாது. பொது ஹெல்மெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, வாங்கிய தேதியையும் பலமான அடி பட்ட தேதியையும் நோட்டில் எழுதி வைத்தால், யார் தலைக்கு எது போகிறது என்று கிளப்புக்குத் தெரியும்.

கேள்வி: கால் பேட் தள்ளுபடியில் வாங்கி 5 மாதம்தான் ஆகிறது. வெள்ளைத் தோல் செதில் செதிலாக உரிகிறது. வெல்க்ரோவும் பிடிக்கவில்லை. கிளவுஸ் பூஞ்சை பூத்துக் கல்லு மாதிரி இருக்கிறது. கடைக்காரர் எல்லாம் "தேய்மானம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.
– ஒரு ஆட்டக்காரர், மெரிபேங்க்

பதில்: மூன்றும் மூன்று விதம், தம்பி. கடைக்காரர் ஒன்றில் தப்பு, ஒன்றில் பாதி சரி, ஒன்றில் முழுக்கச் சரி.

உரியும் தோல்: அது மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ இல்லை. துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியது, சுருக்கமாகப் பியு. காற்றின் ஈரம் இந்தப் பூச்சின் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். டர்பனின் கோடை ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். பயன்படுத்தினால்தான் உரியும் என்பதில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடங்கில் கிடந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். தள்ளுபடியில் கிடைத்தது என்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம். சில வருடம் கிடங்கில் தூங்கிய சரக்கு வாங்கியவர் கையில் வந்து அப்பளமாய் நொறுங்குவது இந்தக் கடற்கரையில் புதிதல்ல. ஈரத்தால் உரிவது தேய்மானம் ஆகாது. தேய்மானம் என்றால் உராயும் இடத்தில் இருக்கும்: முழங்கால் மடிப்பு, உள்பக்கம், கீழ் விளிம்பு. உராயாத மேல் பகுதியிலும் பட்டையின் அடியிலும் சீராக உரிந்திருந்தால், 5 மாதத்தில் அது 55-ஆம் பிரிவு சொல்லும் நியாயமான உழைப்பு இல்லை. தள்ளுபடி விலை என்பதால் உரிமை போய்விடாது. "இந்தக் குறையோடு விற்கிறோம்" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெரிந்து ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த வாரமே போங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது முழங்கால் மடிப்பை நன்றாக மடக்கி நகத்தால் அழுத்துங்கள். மயிர்க்கோடுகள் ஓடினாலோ கையில் பிசுபிசுத்தாலோ பூச்சு போகத் தொடங்கிவிட்டது. பிவிசி பூசியவை இப்படி உரியாது. கனமாக இருக்கும், குளிரில் விறைக்கும், ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு அது தேவலை. உரிந்த பேட் பார்க்க அசிங்கம், ஆனால் உள்ளே பிரம்பும் கெட்டி நுரையும் சரியாக இருந்தால் காலைக் காக்கும். பணம் வரும்வரை பயமில்லாமல் ஆடலாம்.

வெல்க்ரோ: பெரும்பாலும் அது தேய்ந்திருக்காது, அடைத்திருக்கும். கொக்கிப் பக்கத்தில் புல், நூல், சாக்ஸ் பஞ்சு எல்லாம் சிக்கியிருக்கும். குண்டூசியாலும் பழைய பல் பிரஷாலும் வரிசை வரிசையாக நெம்பி எடுங்கள். எடுத்தபின் கொக்கிகள் நிமிர்ந்து போயிருந்தால், அல்லது எதிர்ப்பக்க மென்பஞ்சு முடி கொட்டி வழுக்கையாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதுவே தேய்மானம். செருப்பு தைப்பவரிடம் அரை மணி வேலை. கொக்கி, பஞ்சு இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பாதி புதிது பாதி பழசு நிற்காது. பழைய பட்டையின் அகலத்துக்கே புதியது, பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல், சதுரமாய்த் தைத்து நடுவே குறுக்குத் தையல். பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும். ஊசி பட்டையின் அடித்துணியோடு நிற்க வேண்டும். பிரம்பு வரை துளைத்தால் தண்ணீர் இறங்க வழி திறந்துவிடும். முழங்காலுக்குப் பின்னால் வரும் பட்டைதான் அதிகம் இழுபடும், அங்கே தையல் இரட்டையாக இருக்கட்டும்.

கிளவுஸ்: இதில் கடைக்காரர் சொன்னது சரி. வியர்வையின் உப்பு உள்ளங்கைத் தோலில் இறுகி, ஈரத்தோடு பையில் மூடி வைத்ததில் பூஞ்சை வந்திருக்கிறது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த துணியால் துடைத்து, நிழலில் விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஹேர் டிரையர், காரின் டேஷ்போர்டு, ஹீட்டர் எதுவும் கூடாது; ஈரத் தோல் சூட்டில் சுருங்கிக் கெட்டியாகிவிடும், திரும்ப இளகாது. பிளீச் ஊற்றினால் தையல் நூல் போய்விடும். உள்ளே பருத்தி உள்கிளவுஸ் போட்டு அதை மட்டும் தினம் துவையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை: குளிர்காலத்தில் காற்று வறண்டு தோல் வெடிக்கும், அங்கே சீசன் முடிந்ததும் தோலுக்கான கிரீம் லேசாகத் தடவி வைக்கலாம்.

உள்ளங்கை கிழிந்தால் ஒட்டுத் தைக்கலாம். விரலின் மேலுள்ள உருளைகளைப் பிரித்துத் தைக்கக் கூடாது. மட்டையின் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுரையோடு கெட்டித் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பந்து நேராகப் படுவது அங்கேதான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுரை அமுங்கியபடியே நின்றால், அல்லது தகடு உடைந்து நெருடினால், கிளவுஸ் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஹெல்மெட் சின்னதாக இருக்கிறது. திருப்ப வேண்டும் என்றால், "தலையில் போடும் பொருள், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, லெனேசியா

பதில்: சரியில்லை. இணையத்தில் வாங்கியதற்கு 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் இருக்கிறது. அதன் 44-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். உங்கள் அளவுக்கென்று தனியாகச் செய்தவை, பெயர் பொறித்தவை போன்றவற்றுக்கு இந்த உரிமை கிடையாது. கடையில் அடுக்கியிருக்கும் மீடியம், லார்ஜ் ஹெல்மெட் அதில் சேராது. ஆனால் வீட்டுக்குள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது வேறு, வலையில் ஆடிவிட்டு அனுப்புவது வேறு. லேபிளைக் கிழிக்காமல், பெட்டியோடு, ரத்து செய்யும் மின்னஞ்சலை 7 நாளுக்குள் அனுப்பிவிட்டுப் பொருளை அனுப்புங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால் ஏட்டில் உரிமை உண்டு, கையில் பிடிக்க ஆள் இல்லை. இங்கே வரும் சில கடைகளும் பிராண்டு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்கி விற்கும். அப்படி விற்றால் அதைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்பது நுகர்வோர் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. பிராண்டின் உள்ளூர் முகவர் அதற்கு வாரண்டி தராமல் போகலாம். ஆனால் உங்களுக்கு விற்ற கடை 6 மாதப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

கேள்வி: அமஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தேன். தலை தார்ச்சாலையில் மோதியது. ஹெல்மெட்டில் கீறல் தவிர ஒன்றும் தெரியவில்லை.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மாற்றிவிடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது விறைப்பான பாலிஸ்டைரீன் நுரை. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. மேல் ஓடு மெல்லிசு, அது வளைந்து திரும்பி நின்றுவிடுவதால் வெளியே கீறல் மட்டும் தெரியும். மெத்தையைப் பிய்த்து உள்பக்கம் பார்த்தால் மயிரிழை வெடிப்போ, வழவழவென்று அமுங்கிய இடமோ தெரியலாம், தெரியாமலும் போகலாம். வாரண்டி கேட்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் விழும்போது தாடைப் பட்டையின் பக்கிள் தானாகத் திறந்துகொண்டது என்றால், அது குறைபாடு. ஹெல்மெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அப்படிப்பட்ட குறையால் காயம் பட்டால் 61-ஆம் பிரிவு தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் எல்லாரையும் பொறுப்பாக்குகிறது. அவர்களின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய சாமான் வாங்கலாமா? பையன்கள் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள், ஒவ்வொரு சீசனும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை.
– ஒரு தாய், வெருலம்

பதில்: கால் பேட், தொடைப் பேட், கிட் பேக் தாராளமாக வாங்கலாம். பேட்டின் நடுவே இரண்டு கையாலும் வளைத்து "மொறுக்" என்று சத்தம் வருகிறதா கேளுங்கள். வந்தால் பிரம்பு முறிந்திருக்கிறது. முழங்கால் உருளைக்கு நடுவில் முட்டி வந்து உட்கார வேண்டும், வளருவான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் ஓடும்போது தடுக்கும்.

ஹெல்மெட் வேண்டாம். அதன்மேல் என்ன விழுந்தது என்பது பழைய சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். பாக்ஸ் எனப்படும் தொடையிடுக்குக் காப்பும் வேண்டாம். அது புதிதே மலிவு. வீட்டில் இருப்பதையும் விளிம்பைச் சுற்றி வளைத்து வெள்ளைக் கோடு விழுகிறதா பாருங்கள். கோடு விழுந்த இடத்தில்தான் பிளக்கும்.

ஒரு தனி ஆள் தன் வீட்டுப் பழைய சாமானை விற்றால் நுகர்வோர் சட்டம் அங்கே வராது. "ஃபுட்ஸ்டூட்ஸ்", அதாவது இருக்கிறபடியே, குறைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றுவிட்டார் என்றால், தெரிந்தே குறையை மறைத்தார் என்று காட்டாதவரை ஒன்றும் செய்ய முடியாது. பழைய சாமான் கடை என்றால் அது வியாபாரம். அங்கே பொத்தாம் பொதுவாக அந்த வார்த்தையை எழுதி மாட்டினால் போதாது, இன்ன குறை இருக்கிறது என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

கேள்வி: கீப்பர் பேடின் பக்கிள் உடைந்து கடையில் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் உடைந்தது. இன்னொருமுறை சரிசெய்து தருகிறேன் என்கிறார்கள்.
– லேடிஸ்மித்

பதில்: முதல் பழுது 6 மாதத்துக்குள் வாரண்டியில் நடந்தது என்றால், அதற்குப் பிறகு 3 மாதத்துக்குள் குறை தீராமல் இருந்தாலோ புதுக் குறை வந்தாலோ அவர்கள் மாற்றித் தர வேண்டும், அல்லது பணம் தர வேண்டும். மறுபடி பழுது என்ற பேச்சுக்கு நீங்கள் தலையாட்டத் தேவையில்லை. வாரண்டிக்கு வெளியே காசு கொடுத்துச் செய்த பழுது என்றாலும், போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 57-ஆம் பிரிவு 3 மாத உத்தரவாதம் தருகிறது. முறைகேடாகப் பயன்படுத்தியதால் உடைந்தால் மட்டும் அது பொருந்தாது.

வாய்ப்பேச்சில் நிறுத்த வேண்டாம். தேதி, ஸ்லிப் எண், குறை, நீங்கள் கேட்பது – நான்கும் ஒரே பக்கத்தில் எழுதி மேலாளருக்கு மின்னஞ்சல். பதில் இல்லை என்றால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஓம்பட் அலுவலகத்தில் புகார். நமக்குக் கட்டணம் கிடையாது. அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம். சிறு தொகைக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டும் இருக்கிறது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை, கடைக்காரருக்கும்தான்.

கேள்வி: ஹாக்கி ஆடும் மகளின் வாய்க்காப்பை எப்போது மாற்ற வேண்டும்?
– ஐசிபிங்கோ

பதில்: கடித்த இடத்தில் ஓட்டை விழுந்தால், விளிம்பு கிழிந்தால், வாயைத் திறந்தால் தானாகக் கீழே விழுந்தால் உடனே. பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயதில் ஒவ்வொரு சீசனும் புதிது வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகை என்றால், பெட்டியில் எழுதிய விநாடிக் கணக்கைத் தாண்டக் கூடாது. அதிகம் இளகினால் கடிக்கும் பரப்பு மெலிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வடிவம் போய்விடும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் இந்த வகை வேண்டாம், பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள். அளவெடுத்துச் செய்தது வாய்க்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றால், பணம் கட்டுமுன் அங்கேயே உட்கார்ந்து திருத்தச் சொல்லுங்கள்.